இரண்டாம் பட்டன்

அத்தியாயம் 9

அம்மா போய் அறுபத்தெட்டு நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வாய்விட்டு அழவில்லை. அப்பா பஸ் டிப்போவுக்குப் போகிறார், தம்பி அச்சகத்துக்குப் போகிறான், நான் கண்ணாடிக் கடைக்குப் போகிறேன். சாயங்காலம் திரும்பி வருகிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது வீடு.

போன வாரம் படித்தவர்களுக்கு எங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றித் தெரியும். விட்டவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் கேள்வி கேட்கக் கூடாது.

டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று ஆராய்கிற நிறுவனம் ஒன்று, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது. கூடவே ஒரு ரிமோட், அதில் நாலு பட்டன். ஒன்று அப்பா, இரண்டு அம்மா, மூன்று நான், நாலு தம்பி. டிவியைப் போட்டதும் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கும். பார்க்கிறவர் தன் பட்டனை அழுத்தினால் பச்சையாகும். யாரும் அழுத்தாவிட்டால் கீச்சு கீச்சென்று உயிரை வாங்கும்.

இப்படி ஒரு பெட்டி வீட்டில் இருப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அம்மா அதை ஒரு பூப்போட்ட கைக்குட்டையால் மூடி வைத்திருந்தாள். யாராவது கேட்டால், "அது ஸ்டெபிலைசர், தொடாதீங்க, ஷாக் அடிக்கும்" என்பாள். கண் இமைக்காமல் பொய் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா போன செய்தியை நாங்கள் அந்த நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். "அப்புறம் பாக்கலாம்" என்றார் அப்பா. மூன்று வாரம் டிவியே போடவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் சரியாக எட்டு மணிக்குப் போட்டார். ஒன்றாம் பட்டனை அழுத்தினார். பிறகு இரண்டாம் பட்டனையும் அழுத்தினார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நானும் பார்த்தேன், தம்பியும் பார்த்தான், யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா இன்றுவரை "உங்கம்மா இல்லை" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. விசாரிக்க வந்தவர்களிடம்கூட "ஆமா, ஆமா" என்று தலையை ஆட்டியதோடு சரி. அதை அவர் தன் வாயால் சொல்லியே ஆக வேண்டிய நாள் இன்றைக்கு வந்து சேர்ந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த நிறுவனத்திலிருந்து பெட்டிக்காரர் வருகிறார்.

வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் எதிரில் உட்கார வேண்டும். முன்கூட்டியே ஒரு தாள் அனுப்பிவிடுவார். அதில் ஒரே கேள்வி: இப்போது ஒளிபரப்பாகும் தொடர்களில் எது சிறந்தது, ஏன்? கீழே நாலு கட்டம்.

காலையில் டீயை ஆற்றிக்கொண்டே, "நீ எழுது, நான் சொல்றேன்" என்றார் அப்பா. "ஒண்ணாவது கட்டம். எட்டாம் எண் நீதிமன்றம். காரணம், நேரத்தை வீணாக்க மாட்டாங்க. திங்கக்கிழமை கேஸ் வரும், வெள்ளிக்கிழமை தீர்ப்பு. முடிஞ்சுது."

அப்பா டிப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எந்த டிரைவர் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுகிற வேலை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அம்மாவே அவரை "டைம்கீப்பரே" என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்ப மூன்றாவது சாவி?" என்றேன், வேண்டுமென்றே.

"அதெல்லாம் ஒரு நாடகமா? பதினோரு மாசமா ஒரு வீட்டுச் சாவியைத் தேடிட்டிருக்காங்க. பூட்டுக்காரனைக் கூப்பிட்டா அரைமணி வேலை."

இதை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் அம்மா விட்டதில்லை. எட்டு மணிக்கு அவளுடைய 'மூன்றாவது சாவி'. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நொட்டை சொல்லிக்கொண்டே பார்ப்பார். எட்டரைக்கு அவருடைய 'எட்டாம் எண் நீதிமன்றம்' ஆரம்பித்ததும் அம்மா விருட்டென்று எழுந்துவிடுவாள். "இந்தக் கண்றாவிக்கு என் பட்டனை அழுத்தாதீங்க, என் மானம் போயிடும்" என்று சொல்லிவிட்டு, சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள்.

ஆனால் மறுநாள் எட்டு மணிக்குச் சண்டை என்று வந்தால் ஒவ்வொரு பாயிண்டாக எடுத்து வைப்பாள். "உங்க வக்கீலம்மா அந்த டாக்டர்கிட்ட தேதியைக் கேட்டாளா? கேக்கல. நான் நீதிபதியா இருந்தா அவளை வெளியில அனுப்பியிருப்பேன்."

"பாத்திரம் கழுவிக்கிட்டே எப்படிடீ இதெல்லாம் உனக்குக் கேக்குது?" என்று அப்பா அசந்துபோவார்.

"எனக்குக் காது இருக்கு டைம்கீப்பரே."

அப்பா டிப்போவில்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம், எங்க வீட்டுல பாம்புச் செவி என்று.

இன்றைக்கு அந்தப் பக்கம் பேச ஆள் இல்லை. சரி, நானாவது பேசுவோம் என்று, "உங்க நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் துடைக்கவே அரை எபிசோடு ஆகுதேப்பா" என்றேன். அம்மாவுடைய வசனம்தான். கொஞ்சமும் எடுபடவில்லை. அப்பா "ம்" என்றார். மூன்றாவது கட்டத்தில் 'மூன்றாவது சாவி' என்று எழுதி வைத்தேன். அந்த நாடகத்துக்கு ஒரு ஓட்டாவது விழட்டும்.

அப்பா தாளைப் பார்த்தபடி, "முந்தாநாள் நீதிமன்றம் என்னமா இருந்துச்சு! அந்த ஃபேக்டரி முதலாளியே சாட்சிக்கு ஃபோன் பண்ணி மிரட்டறான்" என்றார்.

"முதலாளி இல்லப்பா, அவரோட மச்சான். குரலை மாத்திப் பேசினாரு" என்றான் தம்பி, ஷூ லேசைக் கட்டிக்கொண்டே.

தம்பியைச் சின்ன வயதிலிருந்தே 'சைலன்சர்' என்றுதான் கூப்பிடுவோம். நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் இவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம்.

அப்பா நிமிர்ந்தார். "முந்தாநாள் நீ ஒம்பதரைக்குத்தானே வந்தே? ஓவர்டைம்னு?"

"பஸ்ல பேசிக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டான். "நாலாவது கட்டத்துல எதையாவது எழுதிக்கோக்கா."

இரண்டாவது கட்டத்துக்கு மேல் என் பேனா நின்றது.

"அதை விடு" என்றார் அப்பா.

"அவர் கேப்பாரேப்பா. இன்னைக்குச் சொல்லித்தானே ஆகணும்? நான் வேணா சொல்லட்டுமா?"

"வீட்டுத் தலைவர்னு என் பேரைத்தான் போட்டிருக்கு. நான் பாத்துக்கறேன்."

டீயைப் பாதி டம்ளரில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஏழு மணி. அவருக்கு அது ஒரு நிமிஷம் பிந்தாது.

எனக்குக் கடையில் லென்ஸ் அறுக்கிற வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த பவருக்கு லென்ஸ் வட்டமாக வரும். அதை ஃப்ரேமின் வடிவத்துக்கு அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, உள்ளே பொருத்த வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் தலைவலி வாங்குகிறவருக்குத்தான்.

பத்து மணிக்கு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்தம்மாவுக்கு டிவி எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம்.

"பேரு ஓடறப்போ யாரு என்னன்னு தெரிய மாட்டேங்குது. மூன்றாவது சாவில புதுசா ஒருத்தி வந்திருக்கா, அவ பேரே தெரியல" என்றார் அந்தம்மா.

"அதைப் பாக்கறதுக்குக் கண்ணாடி ஒரு கேடா?" என்றார் கணவர். "நீதிமன்றம் பாரு, அறிவாவது வளரும்."

"வளர்ந்த அறிவைத்தான் தினம் பாக்கறேனே!"

கடை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எந்த நாடகம் உசத்தி என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கணக்குப் பிள்ளைகூட எழுந்து வந்துவிட்டார். "நீ என்னம்மா சொல்றே?" என்று என்னைக் கேட்டார் அந்தக் கணவர். அப்பா, அம்மா இரண்டு பேருடைய வசனமும் எனக்கு மனப்பாடம், ஒன்றும் வாயில் வரவில்லை. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே போய் முதல் வேலையாக வலக்கண் லென்ஸை இடக்கண் பக்கத்துக்கு அறுத்துத் தொலைத்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. முதலாளி திட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் ஒருவேளை அழுகையாவது வந்திருக்கும். கை பிசகியதற்குக் காரணம், இன்றைக்கு ஆள் வருகிறார் என்று சொல்ல முடியாதே, பெட்டி ரகசியமாயிற்றே. சாயங்காலம்வரை இருந்து வேலையை முடித்துவிட்டே கிளம்பினேன்.

பெட்டிக்காரர் ஆறரைக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகவே வந்தார். ஒல்லியான மனிதர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். சோபாவில் அப்பா, நாற்காலியில் நான், கதவோரம் சாய்ந்தபடி தம்பி.

"அம்மா எங்கேங்க? அவங்களைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார்.

அப்பா பூப்போட்ட கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். என் கையில இருக்கிற வீடுகள்லயே அவங்கதான் ஒழுங்கு. நிறைய பேர் பாப்பாங்க, பட்டனை அழுத்த மாட்டாங்க. ரெண்டாம் நம்பர் அப்படி இல்ல. ராத்திரி எட்டு மணிக்கு மூன்றாவது சாவி. அப்புறம் மத்தியானம் ரெண்டரைக்கு எட்டாம் எண் நீதிமன்றம்."

"என்னது?" என்றார் அப்பா.

"மறு ஒளிபரப்பு போடுவாங்களே, முந்தின நாள் எபிசோடை. அதை ஒருநாள் விட மாட்டாங்க."

அப்பா மெதுவாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எப்பலேருந்து?"

"பெட்டி வெச்ச மறுவாரத்துலேருந்து. ஒன்றரை வருஷமா."

அம்மா காலையில் ஒரு மழலைப் பள்ளியில் வேலை செய்தாள், ஒரு மணிக்கு வீடு வந்துவிடுவாள். மத்தியானம் நாங்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டோம். பாம்புச் செவியாம்! கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவுடைய நாடகத்தை முழுதாகப் பார்த்து, சண்டைக்குப் பாயிண்டு தயார் பண்ணி வைத்துக்கொண்டு, ராத்திரி ஒன்றும் தெரியாதவள் மாதிரி பாத்திரத்தை உருட்டியிருக்கிறாள்.

அப்பாவுடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறாரா, வேறெதுவுமா என்று தெரியவில்லை.

"நடுவுல மூணு வாரம் டிவியே போடல. ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றார் பெட்டிக்காரர். "அதுக்கப்புறம் மறுபடி அதேதான். எட்டு மணி, ரெண்டரை மணி. நேத்து மத்தியானம்கூடப் பாத்திருக்காங்க."

எட்டு மணிக்கு அழுத்தியது அப்பா. நேற்று மத்தியானம் இரண்டரைக்கு இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

முந்தாநாள் எபிசோடு. முதலாளி இல்லை, மச்சான். குரலை மாற்றிப் பேசினார்.

கொஞ்ச நாளாகத் தம்பியின் சாப்பாட்டு டப்பா கழுவியே திரும்பி வருகிறது. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் டப்பாவை இங்கேயே, நம் சமையலறையில் கழுவியிருக்கிறான். நான் கடைக்குப் போன பிறகு வந்து, அப்பா திரும்புவதற்குள் மறுபடி கிளம்பியிருக்கிறான். நாலாம் பட்டனை அழுத்தினால் அச்சகத்தில் இல்லாதது என்றைக்காவது தெரிந்துவிடும். அழுத்தாமல் விட்டால் பெட்டி கத்தும். அதனால் இரண்டை அழுத்தியிருக்கிறான்.

நான் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் ஆனது. அப்பாவுக்கு ஆகவில்லை. யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தான் என்பதுதானே அவருக்குச் சோறு போடுகிற வேலை. அவர் திரும்பித் தம்பியை ஒரே ஒரு தடவை பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அம்மாவைக் கூப்பிடுங்களேன், அவங்க பதிலையும் எழுதிட்டா நான் கிளம்பிடுவேன்" என்றார் பெட்டிக்காரர்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அவ இல்ல."

"எப்ப வருவாங்க?"

"இல்லீங்க. செத்துட்டா. என் பெண்டாட்டி செத்துட்டா. அறுபத்தெட்டு நாள் ஆச்சு."

சொல்லிவிட்டார். டிப்போவில் பஸ் நேரத்தைப் படிப்பதுபோல, ஒரே குரலில். எனக்கு என் கை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

பெட்டிக்காரர் ஹெல்மெட்டை மடியிலிருந்து கீழே வைத்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. எனக்குத் தெரியாது." பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். "ஆனா, நேத்துகூட..."

"நான்தான் அழுத்தினேன்."

"எட்டு மணிக்கா?"

"எட்டு மணிக்கும் நான்தான். ரெண்டரைக்கும் நான்தான்."

"டூட்டி எட்டுலேருந்து நாலு வரைக்கும்னு போட்டிருக்கே ஐயா?"

"ஷிஃப்ட் மாறிடுச்சு. இப்பல்லாம் ஒரு மணிக்கே வந்துடறேன்." அப்பா அவரைப் பார்த்தே சொன்னார். "அப்படியே எழுதிக்குங்க. ஒரு மணி."

முப்பத்தோரு வருஷம். பிரசவத்துக்குப் போகிற பெண்டாட்டியைப் பார்க்க ஓடிய டிரைவருக்குக்கூடப் பத்து நிமிஷம் குறைத்து எழுதாத மனிதர். மூன்று மணிநேரத்தை ஒரே மூச்சில் முழுங்கினார். கதவோரம் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பெட்டிக்காரர் எழுதிக்கொண்டார். இல்லாதவர் பட்டனை அழுத்துவது விதிப்படி தப்பு, மேலே சொல்லியே ஆக வேண்டும், அநேகமாகப் பெட்டியை எடுத்துவிடுவார்கள், அதுவரைக்கும் வழக்கம்போல அழுத்துங்கள் என்றார். குரலில் வருத்தம் இருந்தது. நாங்கள் நிரப்பிய தாளை எடுத்து, இரண்டாவது கட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பேனா காகிதத்தில் கீறிய சத்தம் எனக்குக் கேட்டது.

"உங்க பதில்ல ஏதாவது மாத்தணுமா ஐயா? நீதிமன்றம்தான் சிறந்ததுன்னு போட்டிருக்கீங்க."

"மாத்த வேண்டாம்" என்றார் அப்பா. "காரணத்தை மட்டும் அடிச்சுட்டு வேற எழுதுங்க. அவளே பாத்திருக்கா."

பெட்டிக்காரர் அப்படியே எழுதினார்.

அவர் போனபின் நான் பாத்திரம் கழுவினேன். சத்தம் வராமல்தான் கழுவினேன். தம்பி அதே கதவோரம் நின்றான். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்கு டிவியைப் போட்டார். சிவப்பு விளக்கு மினுக்கியது. ஒன்றை அழுத்தினார். அவர் விரல் பக்கத்துப் பட்டன் வரை போயிற்று, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தாமல் ரிமோட்டை என்னிடம் நீட்டினார். நான் மூன்றை அழுத்தித் தம்பியிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வாங்குடா" என்றார் அப்பா, டிவியைப் பார்த்தபடியே.

தம்பி வந்து வாங்கினான். நாலை அழுத்தினான்.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டரைக்கும் அதையே அழுத்து. உன்னோடதை."

தம்பி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அறுபத்தெட்டு நாளில் எங்கள் வீட்டில் முதல் அழுகை. எனக்கும் கண் எரிந்தது, ஆனால் தண்ணீர் வரவில்லை.

"அப்பா, அச்சகத்துல... நான் அங்க என்ன பண்ணிட்டேன்னா..."

அப்பா கையை உயர்த்தினார்.

"ஒம்பது மணிக்குச் சொல்லு, கேக்கறேன். இப்ப உங்கம்மாவோடது ஆரம்பிச்சுடுச்சு."